கேஸ் ஸ்டடியின் முடிவை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்

இணையவழி மேலாண்மைப் பாடங்களைத் தயாரிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பம்ப் தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவன் நான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பாடத்தைத் திறக்க முடிகிறது. ஒரு நிறுவனத்தின் உண்மைக் கதையை வைத்து ‘நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுத் தூக்கத்தை விரட்ட வேண்டிய கேஸ் ஸ்டடியே தாலாட்டாகிவிடுவதால் இதை எழுதுகிறேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-ல் அதைப் பற்றி ஒரு கேஸ் வெளியிட்டது. எங்கள் பாடத்தில் அது சில ஸ்லைடுகளாகச் சுருங்கி வந்தது. முதல் ஸ்லைடிலேயே ‘மாபெரும் வெற்றி’ என்று போட்டாயிற்று. கடைசியில் ஒரு வினா: தொடங்கிய ஆண்டு எது? நான்கு விடைகளில் ஒன்றைத் தொடு, மதிப்பெண் உனக்கு.

அங்கே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளியைத் தயார்படுத்திவிடுகிறார்கள். இதைப் படித்தால் வேலையில் இருப்பவனுக்குக் கேள்விகள் வராமல் இருக்குமா? எந்த வேலையைச் செவிலியரிடம் விடலாம், எதை விடக் கூடாது? இலவச நோயாளிகள் கூடினால் கணக்கு எங்கே இடிக்கும்? கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றால் என்ன செய்வது? என் மேசைக்குத் தினமும் வருவது கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

அந்த இடத்தில் நிறுத்துங்கள். வாங்குவதா, நன்கொடை கேட்பதா, நாமே தயாரிப்பதா என்று எங்களை எழுத விடுங்கள். எழுதி அனுப்பிய பிறகு, லென்ஸ் தயாரிக்க அரவிந்தே 1992-ல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய கதையைத் திறந்துவிடுங்கள். மற்றவர்களின் பதில்களும் அதுவரை மறைந்தே இருக்கட்டும். இல்லாவிட்டால் முதலில் போட்டவரின் பதிலையே ஆளுக்கு இரண்டு சொல் மாற்றிப் போட்டுவிடுவோம். வயது நாற்பதானாலும் மாணவர்கள் மாணவர்கள்தானே!

வகுப்பறையில் கேஸுக்கு உயிர் கொடுப்பதே வாக்குவாதம்தான். இணையத்தில் அதற்கென்று இருக்கும் பகுதியிலோ ‘அருமை, நன்றி’ தவிர வேறில்லை. எங்கள் வகுப்பில் ஒரு செவிலியர் இருக்கிறார், வங்கி ஊழியர் இருக்கிறார். அந்த இரண்டு மேசை முறையில் எங்கே சிக்கல் வரும் என்று அந்தச் செவிலியரிடம் யாரும் கேட்கவே இல்லை. ஆளுக்கொரு பக்கம், நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு, எங்கள் வேலையிடத்தில் இன்னும் தீராத ஒரு சிக்கலை எழுதச் சொல்லுங்கள். அதையே அடுத்த வாரத்துக் கேஸாக வையுங்கள்.

திருத்த ஆள் போதாது என்பீர்கள். சரி, பருவத்துக்குப் பத்துக் கேஸ் வேண்டாம், இரண்டு போதும்.

இப்படிக்கு,
உங்கள் மாணவன்