ஒரு எலுமிச்சம்பழம்

சோழவந்தான்
ஞாயிற்றுக்கிழமை

மாப்ள,

உன் பேரன் கடற்படைக்குத் தேர்வாகி ஒடிசாவுல இருக்குற சில்காவுக்குப் பயிற்சிக்குப் போறான்னு படிச்சதும் மனசு நிறைஞ்சு போச்சு. எங்க காலத்துல பயிற்சி விசாகப்பட்டினத்துல. இங்க எல்லாரும் சௌக்கியம். கொடிக்கால் மட்டும் இந்தக் காத்துல கொஞ்சம் சாஞ்சிருச்சு.

1971 பாகிஸ்தான் சண்டையில கப்பல்ல என்ன பண்ணினேன்னு மறுபடி கேட்டிருக்கே. ஊர்ல விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் கதைதான் தெரியும். நான் இருந்தது படையை ஏத்தி இறக்குற கப்பல். கரையில போய் ஏறி நிக்கணும்னு அடி தட்டையா இருக்கும். அதனால சின்ன அலைக்கே பரிசல் மாதிரி ஆடும்.

கூர்க்கா பட்டாளம் கல்கத்தாவுல இருந்து ‘விஸ்வ விஜய்’ங்கிற சரக்குக் கப்பல்ல வந்துச்சு. நடுக்கடல்ல எங்க மாதிரி இறக்குற கப்பல்களான கரியால், குல்தார் ரெண்டுக்கும் மாத்தி ஏத்தினோம். இப்போ வங்கதேசத்துல இருக்குற காக்ஸ் பஜார் பக்கம் இறங்கி, எதிரி பர்மாவுக்குத் தப்புற வழியை அடைக்கணும். மலைக்காரங்க மாப்ள, ராத்திரி பூரா வாந்தி. என் வயசுப் பையன் ஒருத்தன், மீசைகூடச் சரியா முளைக்கல, சுருண்டு கிடந்தான். சமையல்கட்டுல இருந்து ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாந்து நகத்தால கீறிக் கையில வச்சேன். மோந்து பார்த்துட்டுச் சிரிச்சான். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது.

இறங்குற நேரத்துல கப்பல் மணல்திட்டுல தட்டி நின்னுருச்சு. திட்டுக்கும் கரைக்கும் நடுவுல பள்ளம், ஆளு முங்குற ஆழம். முதல்ல இறங்கினவங்கள்ல ரெண்டு பேர் முதுகுச் சுமையோட உள்ள போயிட்டாங்க. போனவங்க போனவங்கதான். மிச்சப் பேரைப் பிறகு நாட்டுப் படகு வச்சுத்தான் கரை சேர்க்க வேண்டியதாச்சு. டிசம்பர் 16, டாக்காவுல எதிரி சரணடைஞ்ச சேதி வந்து கப்பலே ஆடிப் பாடுச்சு. நான் அந்தப் பையன் முகத்தைத் தேடிக்கிட்டிருந்தேன். அந்த ரெண்டு பேர்ல அவனும் ஒருத்தனா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

சித்திரையில அழகர் ஆத்துல இறங்குறப்போ ஏன் கரையிலயே நிக்கிறேன்னு கேப்பியே, இதுதான். முழங்கால் தண்ணிதான், தெரியும். ஆனா சனம் மொத்தமா இறங்குறதைப் பார்த்தா எனக்குக் கால் நகராது.

பேரனைப் போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் இங்க அனுப்பு. கிணத்துல நீந்துவான்னு எழுதியிருக்கே. அது பத்தாது. சட்டை, பேன்ட், பூட்ஸோட, முதுகுல ஒரு சுமையும் கட்டி நீந்தணும். தண்ணிக்குள்ள இருந்தே சுமையை எப்படிக் கழட்டுறதுன்னு நான் சொல்லித் தாரேன்.

உன் மாப்ள