வலி நெசம்தான்னு நம்புனவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு வருசமா எழுதணும் எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே வந்த நன்றி இது. யாரு பேரும் போடல, படிச்சா அவங்கவங்களுக்கே தெரிஞ்சுரும்.

2015ல பைக்ல விழுந்து முதுகு டிஸ்க் போச்சு. ஆபரேசன் பண்ணியும் இடுப்புல இருந்து இடது கால் கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் இழுக்கற மாதிரி இருந்த வலி நிக்கவே இல்ல. டிரமடால்ங்கற வலி மாத்திரை எழுதிக்குடுத்தாங்க, அபின் மாதிரி பழக்கமாகற வகை, ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. 2018ல அந்த மருந்தை போதைமருந்து சட்டத்துக்குள்ள கொண்டுவந்த பொறவு சீட்டு இல்லாம தரமாட்டேன்னாங்க, நான் எங்க நிறுத்துனேன், கூடக் காசு குடுத்து வேற எடத்துல வாங்குனேன். கடைசியா நாளைக்கு பதினாறு, அதாவது 800 மில்லிகிராம். 400ஐ தாண்டுனாலே வலிப்பு வர்றதுக்கு வாய்ப்பு கூடும்ங்கறது எனக்கு வலிப்பு வந்த பொறவுதான் தெரியும்.

லேத்து ஓடிட்டு இருக்கறப்பவே வந்துச்சு. மொத நன்றி பக்கத்து மிசின் மாப்ளைக்கு. எல்லாரும் சாவிக்கொத்தை எங்கையில திணிக்க ஓடுனப்ப சுவிட்சை ஆஃப் பண்ணி, என்னைய ஒருக்களிச்சுப் படுக்க வச்சது நீதான் மாப்ள. அந்த ரெண்டும் நீ செய்யலீன்னா இன்னைக்கு எங்கையில விரலு இருக்காது, ஆளே இருந்திருப்பனோ என்னமோ.

பழக்கத்துக்கு வைத்தியம் பாக்க மொதல்ல போன எடத்துல "மாத்திரைக்கு நடிக்கறான்"னு எம்பொண்டாட்டி முன்னாடியே சொன்னாங்க. பத்து நாள்ல பழக்கத்தை நிறுத்தி அனுப்பிச்சாங்க, வலிக்கு ஒண்ணும் இல்ல. வலியோட வீட்ல உக்காந்திருக்கறவன் என்ன பண்ணுவான், ரெண்டு தடவை மறுபடியும் அதுலயே விழுந்தேன்.

அப்பறந்தான் நம்ம டாக்டரம்மா. "வலியும் நெசம், பழக்கமும் நெசம், மனசு செத்துக்கெடக்கறதும் நெசம், ஒண்ண விட்டுட்டு ஒண்ண பாக்க முடியாதுப்பா"ன்னாங்க. அன்னைக்கு ஓபில உக்காந்து அழுதேன். "சாகணும்னு தோணுதா"ன்னு நேராவே கேட்டாங்க, அதுவரைக்கும் யாரும் கேக்கல, ஆமான்னேன். ராத்திரில தோணுச்சுன்னா கூப்புடுன்னு 14416ங்கற கவர்மெண்டு மனநல உதவி நம்பரை சீட்டுக்குப் பின்னால எழுதிக்குடுத்தாங்க. ரெண்டு தடவை கூப்புட்டிருக்கேன், அந்தப் பக்கம் பேசுனவங்களுக்கும் நன்றிங்க.

டிரமடாலை நிறுத்துனா வர்ற கொட்டாவி, மயிர்க்கூச்சு, கால் ஒதறல் எல்லாம் வந்த பொறவுதான், அதுக்குப் பதிலா குடுக்கற புப்ரநார்ஃபின் மாத்திரையை நாக்குக்கு அடியில வச்சாங்க, அதுக்கு முன்னாடி வச்சா இன்னும் படுத்தி எடுத்துருமாம். பழைய மாத்திரை மேல வர்ற ஏக்கத்துக்கு நாளைக்கு ஒரு வேளை போதும், ஆனா வலியை அது ஆறேழு மணி நேரந்தான் புடிக்கும்னு அதே அளவை மூணா பிரிச்சுக் குடுத்தாங்க. நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் சேத்து டுலாக்ஸெடின். ரெண்டு மூணு வாரம் ஒண்ணுமே தெரியாது, வாய் காயும், கொமட்டும், விட்றாதன்னு மொதல்லயே சொன்னதாலதான் நான் விடல.

பிசியோ தம்பி, உன்னைய மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருப்பேன் தெரியுமா? வீட்ல இருந்து நாலு கரண்ட் கம்பம் போயிட்டு வரணும்ப. நல்லாருக்குன்னு அஞ்சாவது கம்பம் போகக்கூடாது, வலிக்குதுன்னு மூணுல திரும்பக்கூடாது. நல்லாருக்கற அன்னைக்கு எகிறி எகிறி வேலை செஞ்சுட்டு மறுநா படுத்துக்கறதே எம்பொழப்பா இருந்துச்சு, அதை ஒடைச்சது அந்தக் கம்பக் கணக்குதான். இப்ப இருபத்திரண்டு கம்பம். வலி போயிருச்சான்னா போகலீங்க, பத்துக்கு எட்டா இருந்தது நாலுல நிக்குது.

அக்கா, ரெண்டு வருசமா மாத்திரை டப்பாவை உன்ற பீரோவுல வச்சு காலைல நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாத்துக் குடுத்தே. கோவிச்சுக்கிட்டு ஒரு வாரம் உன்கூடப் பேசாம இருந்ததை மறந்துரு. எம்பொண்டாட்டிக்கு இங்க எழுத மாட்டேன், அது வீட்ல.

கடைசியா மருந்துக்கடை அண்ணா. நீங்க மாத்திரை தரமாட்டேன்னதுக்கு சோகேஸ் கண்ணாடியை ஒடைச்சவன் நாந்தான். போலீசுக்குப் போகாம எங்கக்காவுக்குப் போன் பண்ணுனீங்க. கண்ணாடிக் காசை உங்ககிட்ட குடுத்தா வாங்க மாட்டீங்கன்னு தெரியும், அதனால நேத்து உங்க கடைப் பையன்கிட்ட குடுத்துட்டேன். அவனைத் திட்டாதீங்கண்ணா.