கிருஷ்ணகிரி வரலாற்று வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம், உலக வரலாற்றில் நாம் அதிகம் கேள்விப்படாத ஒரு ஆள் அல்லது சம்பவம், அதற்கு ஒரு மணி நேரம். போன பொதுக்குழுவில் எடுத்த முடிவு இது. பன்னிரண்டில் பத்து நடந்தது. மே, ஜூன் மாங்காய் சீசன். மண்டிக்கும் மாங்கூழ் ஆலைக்கும் போனவர்கள் போக, பழையபேட்டை மாடியில் தலைவரும் நானும் டீ கொண்டு வந்த பையனும்தான் இருந்தோம். அதைக் கூட்டம் என்று பதிவேட்டில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

நவம்பர் கூட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தலைப்பு, 1932இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஈமு போர். முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய சிப்பாய்கள் பலருக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலம் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கோதுமை போட்டார்கள். அதில் சுமார் 20,000 ஈமுக்கள் வந்து இறங்கின. அரசாங்கம் மேஜர் மெரிடித் தலைமையில் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளையும் 10,000 தோட்டாக்களையும் அனுப்பியது. அணை ஒன்றின் அருகே பதுங்கியிருந்து சுட்டதில் பத்துப் பன்னிரண்டு பறவை விழுவதற்குள் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. சரி, துரத்திப் பார்க்கலாம் என்று லாரியில் துப்பாக்கியை ஏற்றினால், குலுங்கிய குலுங்கலில் ஒரு குண்டுகூடச் சுட முடியவில்லை.

மாடி முழுக்கச் சிரிப்பு. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உறுப்பினர் மட்டும் சிரிக்கவில்லை. ராகிக் கதிர் முற்றுகிற நேரம். முந்தின இரவு முழுக்கப் பரணில் யானைக் காவல் இருந்துவிட்டு, பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்திருந்தார். "தோட்டா செலவு யாருது சார்?" என்று கேட்டார். உழவர்கள் தலையில்தான் கட்டினார்கள் என்றார் பேசிய ஆசிரியர். "அதான பார்த்தேன்" என்று உட்கார்ந்துகொண்டார். மெரிடித் கடைசியில் கொடுத்த கணக்கு 986 பறவை, 9,860 தோட்டா. ஒன்றுக்குச் சரியாகப் பத்து. இவ்வளவு சுத்தமான கணக்கைத் தானே எழுதியதில்லை என்று பொருளாளர் சொன்னது பதிவேட்டில் இருக்கிறது.

இந்த ஆண்டின் சிறந்த பேச்சு என்று நான் நினைப்பது, ஓய்வு பெற்ற நம் நர்ஸம்மா பேசியது. அஞ்செட்டி மலை ஊர்களுக்கு ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சொட்டு மருந்து கொண்டு போனவர் அவர். ஸ்பெயினில் இருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு அம்மைப்பால், அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்து, கொண்டுபோன கதையை எடுத்தார். 1803 நவம்பர் 30 அன்று லா கொருன்யா துறைமுகத்தில் கப்பல் கிளம்பியது. ஐஸ் கிடையாது. அதனால் டாக்டர் பால்மிஸ் 22 சிறுவர்களைக் கூட்டிப் போனார். ஏறக்குறைய எல்லாரும் அநாதை இல்லத்துப் பிள்ளைகள். இரண்டு பேருக்கு அம்மைப்பால் வைப்பது, ஒன்பது பத்து நாளில் கொப்புளம் பழுத்ததும் அதில் இருந்து எடுத்து அடுத்த இரண்டு பேருக்கு வைப்பது. "அந்தப் பசங்கதாங்க ஐஸ் பெட்டி" என்றார் நர்ஸம்மா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனவர் இசபெல் செந்தால். அவருடைய மகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பழைய காகிதங்களில் இசபெலின் குடும்பப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். டாக்டர் பெயரில் அந்தக் குழப்பம் இல்லையே என்று நர்ஸம்மா கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை.

ஜனவரியில் சையத் பாஷா மலைக் கோட்டை ஏறினோம். 1791இல் ஆங்கிலக் கம்பெனித் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கீழே பேட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையைத் தொட முடியாமல் திரும்பிய இடம். மைசூர் ராக்கெட் இங்கிலாந்து போய், காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் கையில் மாறி, 1807இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் மேல் விழுந்த கதையை மேலே வைத்துச் சொல்ல ஏற்பாடு. பேச வேண்டியவர் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டதால், படிக்கட்டிலேயே கேட்டோம்.

ஒரு வருத்தம். 1518இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் மக்கள் நிறுத்த முடியாமல் ஆடிய கதையை ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தபடியே வாசித்தார், நாளுக்கு 15 பேர் செத்தார்கள் என்று. ஆட்டம் நடந்தது உண்மை. நகர மன்றம் முதலில் வாத்தியக்காரர்களை அமர்த்தி ஆடவிட்டதும், அப்புறம் தடை போட்டதும் பதிவில் உண்டு. அந்தச் சாவுக் கணக்கு அன்றைய பதிவுகளில் இல்லை. அன்று குரல்கள் கொஞ்சம் உயர்ந்தன. இனி பேசுபவர் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன்.

இரவல் போன புத்தகங்களில் ஏழு திரும்பவில்லை. பெயர் வாசிக்கப் போவதில்லை, வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

வரும் ஆண்டின் முதல் பேச்சுக்குத் தேன்கனிக்கோட்டை உறுப்பினர் தானே முன்வந்திருக்கிறார். பரணில் விழித்திருந்த இரவுகளில் போனில் படித்தாராம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததை நம்பாமல் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக் காட்டில் 1974 வரை காவல் இருந்த ஜப்பானிய ராணுவ அதிகாரி ஹிரோ ஒனோடா பற்றிப் பேசுவார். ராகி வீட்டுக்கு வந்த பிறகுதான் வருவேன் என்கிறார். ஆகவே தேதி பிறகு அறிவிக்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்