காற்றுக்கும் ஒரு துண்டு

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியை மனுசிக்கு வாசித்துக் காட்டினேன். அடுத்த வெள்ளியே பத்திரகாளி கோயிலுக்குப் போய் அருச்சனை செய்வித்துவிட்டு வந்தாள். பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் நீ எழுதவில்லை. ஐயர் கேட்டபோது உன் பெயரைச் சொல்லிச் சமாளித்தாளாம். அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

இங்கே கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. கடற்கரைப் பக்கம் போனால் கண்ணில் மண். கோட்டைக்குள் மான்கள் நிழல் பார்த்துப் படுத்துக் கிடக்கின்றன. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. மற்றப்படி எல்லோரும் சுகம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நாலு தரம் வாசித்தேன். மூன்று வருடத்துக்கு முன் தூக்கத்தைச் சோதித்து தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிற ஸ்லீப் அப்னியா என்று சொன்னார்கள், டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டைத் தொலைத்துவிட்டேன், அதற்கு முகத்தில் மாட்டுகிற சீபாப் மெஷினை வாங்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். இப்போது கடையில் துண்டு இல்லாமல் தர மாட்டோம் என்கிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் பாவித்த மெஷின் இருநூறு டொலருக்குக் கிடைக்கிறதாம். "வெறும் காற்றை ஊதுகிற பெட்டிக்கு டொக்டர் துண்டு எதற்கு?" என்று கேட்டிருக்கிறாய்.

வாங்காதே மச்சான். வாங்கிவிட்டாய் என்றால் முகத்தில் மாட்டாதே.

நான் 34 வருடம் பாமசியில் நின்று மருந்துத் துண்டு வாசித்தவன் என்பது உனக்குத் தெரியும். துண்டு இல்லாமல் அமொக்சிலின் கேட்டு வந்த சொந்தக்காரர்களையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நானும் நீ நினைத்ததைத்தான் நினைத்தேன். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, காற்றுத்தானே என்று. மனுசியின் தமையன் கனடாவிலிருந்து வந்தபோது அவருடைய சம்பந்தி பாவித்த சீபாப் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நல்ல மனதோடு சுமந்துவந்த சாமான். அன்றிரவே மாட்டிக்கொண்டு படுத்தேன்.

இரவு ஒரு மணியிருக்கும், வயிறு மேளம் மாதிரி ஊதி எழும்பினேன். ஏப்பம் விட்டு விட்டு நெஞ்செல்லாம் நோ. மாஸ்க்கின் ஓரத்தால் காற்றுப் பீறிக் கண்ணுக்குள் அடித்தது, வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆறு இரவு பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். ஏழாம் நாள் மெஷினை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, இது எனக்குச் சரிவராது என்று முடிவு கட்டினேன். எட்டு மாதம் அது அங்கேயே கிடந்தது. அந்த எட்டு மாதத்துக்குள் ஒரு நாள், சீனக்குடாப் பக்கம் மோட்டார்சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும்போது கண் அயர்ந்துவிட்டேன். பட்டப்பகல். தெருவோர மணலில் சில்லு இறங்கியபோதுதான் விழித்தேன். பின்னால் ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது கை நடுங்குகிறது.

அன்றிரவு மனுசி படுக்கவில்லை. நான் மறைக்கவேயில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். டோர்ச்சையும் விநாடி முள்ளுள்ள மணிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் கதிரை போட்டு இருந்திருக்கிறாள். குறட்டை சட்டென்று நிற்கும். நெஞ்சு எழும்பி விழும், மூச்சு மட்டும் வராது. பிறகு திணறிக்கொண்டு ஒரு பெரிய இழுப்பு. ஒவ்வொரு தரமும் எவ்வளவு நேரம் நின்றது என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். 14, 22, 18, 31, 27. இப்படி ஒரு மணித்தியாலத்துக்கு. கடைசி வரிகளில் எழுத்துக் கோணிப்போயிருந்தது.

அந்தத் தாளைத்தான் டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் ஒவ்வொரு எண்ணாக வாசித்துவிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். அப்புறம் முறையான சோதனை. விரலில் ஒரு கிளிப், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி, மூக்கில் மெல்லிய குழாய். பத்து விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நிற்பதையும் குறைவதையும் மணித்தியாலத்துக்கு எத்தனை என்று எண்ணுகிறார்கள். 5 முதல் 15 வரை இலேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. எனக்கு 41.

பிறகுதான் எனக்கு மெஷின் எவ்வளவு அழுத்தத்தில் காற்றை ஊத வேண்டும் என்று பார்த்தார்கள். 9. சம்பந்தியின் மெஷினில் இருந்ததோ 14.

இந்த எண் என்ன என்று உனக்கு ஒரு வழியில் சொல்கிறேன். சின்ன வயதில் பப்பாசித் தண்டை வாளித் தண்ணீருக்குள் விட்டு ஊதுவோமே, ஞாபகமா? மேலாக விட்டால் இலேசாகக் குமிழி வரும். ஆழமாக விட்டால் கன்னம் நோக ஊத வேண்டும். அழுத்தத்தை அளப்பதும் அதே கணக்கில்தான். 9 என்றால் தண்டை 9 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு விட்டுக் குமிழி வரவைக்கும் அளவு. மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 வரை ஊதும். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைக்கும்போது இந்தக் காற்று உள்ளே நின்று முட்டுக்கொடுக்கிறது. முட்டு போதாவிட்டால் வழி மூடிக்கொள்ளும். கூடினால் நான் பட்ட பாடுதான். உன் தொண்டைக்கு எவ்வளவு முட்டு வேண்டும் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? தானாகவே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மெஷின்களும் இருக்கின்றன. அவற்றுக்கும் கீழெல்லை, மேலெல்லை யாராவது போட்டுத்தர வேண்டும்.

உங்கள் அமெரிக்காச் சட்டத்தைப் பற்றியும் வாசித்துப் பார்த்தேன். அங்கே மருந்தையும் மருத்துவச் சாதனங்களையும் கட்டுப்படுத்துகிற எஃப்.டி.ஏ. இந்த மெஷினை இரண்டாம் வகுப்பு மருத்துவச் சாதனமாக வைத்திருக்கிறது. துண்டின் பேரில்தான் விற்கலாம். சூடாக்கும் ஈரப்பதனி, முழுதாகப் பூட்டிய மாஸ்க், இவற்றுக்கும் அப்படித்தான். குழாய், பில்டர், தண்ணீர்த் தொட்டி போன்ற உதிரிகளுக்குத் துண்டு வேண்டாம். மாஸ்க்கையே பாகம் பாகமாகப் பிரித்து விற்றால் துண்டு கேட்க மாட்டார்களாம். மாஸ்க் விசயத்தில் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். கிழிந்துபோன மாஸ்க்கை மாற்ற ஒருவர் டொக்டருக்குக் காசு கட்டிக்கொண்டு நிற்பது நியாயமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் இந்த மெஷினைத் துண்டு இல்லாமலே வாங்கலாம். இது பிறந்ததே அங்கேதான். 1980இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி ஊதவைத்துச் செய்தார். 1981இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். ஆரம்பத்தில் மாஸ்க்கை மூக்கோடு பசை வைத்து ஒட்ட வேண்டியிருந்ததாம். அதுவரை கடுமையான நோயாளிக்குத் தொண்டையில் துளை போடுவதுதான் வழி. ஆகவே துண்டு கேட்காத நாடு கெட்ட நாடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் சோதனை செய்யாமல் வாங்குகிறவனுக்குத் தன் எண் தெரியாது. துண்டைவிட அதற்கு முந்திய இரவுச் சோதனையில்தான் என் அக்கறை.

உன் விசயத்தில் அக்கறை இரட்டிப்பு. சோதனை நடந்தது மூன்று வருடத்துக்கு முன். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தது போன வருடம். தொண்டை அடைத்து மூச்சு நிற்பது ஒரு வகை. மூளையே மூச்சை இழுக்கச் சொல்லாமல் விடுவது இன்னொரு வகை. இருதயம் பலவீனமானவர்களுக்கு இரண்டாவது வருவதுண்டு. அதற்கென்று ஏ.எஸ்.வி. என்று வேறொரு மெஷின் வந்தது. 2015இல் வெளியான பெரிய ஆய்வில், இருதயம் பம்ப் பண்ணும் பலம் நன்றாகக் குறைந்தவர்களுக்கு அந்த மெஷினால் இருதயச் சாவு கூடியதாகக் கண்டார்கள். வெறும் காற்றுத்தான் மச்சான், அதுவும் ஆளைக் கொல்லும். உன் இருதயம் அப்படிப் பலவீனமானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உன் இருதய டொக்டரிடம் இதைக் கதைக்காமல் ஒன்றையும் மாட்டாதே.

பக்கத்து வீட்டு மெஷின் எந்தக் கம்பனி, எந்த வருடம் என்றும் பார். 2021 ஜூனில் பிலிப்ஸ் இலட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப அழைத்தது. உள்ளே சத்தம் அடக்க வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சோடு போகக்கூடும் என்பதால். பழைய மெஷின் விற்கிறவர்களில் எத்தனை பேர் மெஷினின் இலக்கம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள்?

இனி நீ செய்ய வேண்டியது. சோதனை செய்த இடத்துக்கு ஒரு கடிதம் எழுது. நோயாளிகளின் மருத்துவத் தகவல் பற்றிய 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டப்படி உன் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்க உனக்கு உரிமை இருக்கிறது. துண்டும் அதோடு வரலாம். அதை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போ. ஸ்டென்ட்டுக்குப் பிறகு திரும்பச் சோதிக்க வேண்டுமா என்று கேள். 65 தாண்டிவிட்டாய், முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதி மெடிகெயார் இருக்கிறது. முறையாகப் போனால் முதலில் 12 வாரம் பரீட்சித்துப் பார்க்கத் தருவார்கள். 13 மாத வாடகை கட்டி முடிந்ததும் மெஷின் உன்னுடையது. ஆனால் முதல் மூன்று மாதத்துக்குள் தொடர்ச்சியான 30 நாளில் 70 வீத இரவுகள், இரவுக்கு நாலு மணித்தியாலமாவது போட வேண்டும். மெஷின் உள்ளேயே கணக்கு வைத்திருக்கும். முதல் இரண்டு வாரம் சினமாக இருக்கும். நான் பின்னேரம் ரேடியோ கேட்கும்போதே அரை மணித்தியாலம் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இருந்து பழகினேன். அப்படித்தான் முகம் இணங்கியது.

எனக்கு விற்ற கொழும்புக் கடைக்காரரும் துண்டைக் கேட்டார். 9 என்று பார்த்து மெஷினில் போட்டுவிட்டுத்தான் காசு வாங்கினார். முதல் இரவு பத்து மணிக்குப் படுத்தேன். எழும்பியபோது கோணேசர் கோயில் பக்கம் வானம் வெளுத்திருந்தது. நடுவில் ஒரு தரமும் எழும்பவில்லை. மனுசி மூச்சு வருகிறதா என்று கிட்ட வந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவு அமைதியாக இருந்ததாம்.

அவள் இப்போது பக்கத்தில் இருந்து ஒன்று எழுதச் சொல்கிறாள். டொக்டரைப் பார்க்க நாள் கிடைக்கும்வரை சும்மா இராமல், உன் மனுசியை ஒரு இரவு மணிக்கூட்டோடு இருந்து எண்ணச் சொல்லட்டாம். எண்ணின தாளை டொக்டரிடம் கொடு. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. பேரனின் நட்சத்திரத்தையும் அதே கடிதத்தில் எழுதிவிடு.

அன்புடன்,
உன் மச்சான்