அரை கிராம் மோதிரமும் ஒரு தூக்குச்சட்டியும்

திருநெல்வேலி டவுன்,
வியாழக்கிழமை.

அன்புள்ள கோமதி,

இங்கே அனைவரும் நலம். நீயும் நலம் என்று உன் மகன் சொன்னான். நீ சொன்ன தைலத்தை இவர் விடாமல் தேய்க்கிறார். வீடு முழுக்க மணக்கிறது, முழங்கால் வலி மட்டும் அசையவில்லை. பொங்கலுக்குப் பிறகு நான் எழுதவில்லை என்று கோபித்தாயாம். நீயும்தான் எழுதவில்லை, அதையும் சேர்த்துக் கோபித்துக்கொள்.

இப்போது எழுத வைத்தது மதினி. வேறு யார்?

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேரன் கவினுக்கு இரண்டு வயது நிறைகிறது. மண்டபம் பிடித்திருக்கிறார்கள். பந்தி, பலூன் வளைவு, குழந்தையின் படம் போட்ட பேனர், எல்லாம் உண்டு. என் பேத்தியின் பிறந்தநாளுக்கு மதினி அரை கிராம் மோதிரம் போட்டது உனக்கு நினைவிருக்கும். நினைவில்லை என்றாலும் அவர்களே உனக்கு நினைவூட்டியிருப்பார்கள். அது 2021. பவுன் அப்போது 35,000 ரூபாயை ஒட்டி இருந்தது. இன்று அந்த அரை கிராமுக்கு அன்று கொடுத்ததைப் போல இரண்டு பங்குக்கும் மேல் கொடுக்க வேண்டும், செய்கூலி வேறு. செய்முறை என்றால் வாங்கியதற்குக் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டும் என்கிறார்கள். வாங்கிய கிராமுக்கா, வாங்கிய ரூபாய்க்கா என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை.

இவரிடம் கேட்டேன். "பென்ஷன்காரன் பிள்ளைக்குப் பொம்மைதான் கொடுப்பான், 300 ரூபாய்க்குள் முடி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சண்டை போடாமல் ஒப்புக்கொண்டேன். நீ நம்ப மாட்டாய்.

முதலில் ஜங்ஷனில் ஒரு பொம்மைக் கடைக்குப் போனேன். கடைப் பையன் ஒரு நாயை எடுத்து வைத்தான். அதன் வயிற்றில் அழுத்தினால் கண் சிவப்பாக எரிகிறது, ஏ பி சி டி பாடுகிறது, பாடி முடித்துத் தானே கைதட்டிக்கொள்கிறது. பிள்ளைக்கு அங்கே என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. புரட்டிப் பார்த்தால் பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூவே இல்லை, நகத்தால் நெம்பினால் திறக்கிறது. உள்ளே பொத்தான் மாதிரி சின்ன பேட்டரிகள். அதைப் பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடும். கோமதி, அங்கன்வாடியில் அத்தனை வருஷம் வாயில் விரல் விட்டுக் கொட்டையும் பொத்தானும் எடுத்தவள் நீ, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கே என்று கேட்டேன். 2021 ஜனவரியிலிருந்து அந்த முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது. "இது நல்லா ஓடுற மாடல், ஆன்ட்டி" என்றான். எங்கே ஓடுகிறது என்று கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்து அம்பாசமுத்திரம் மரச் சொப்பு வாங்கலாம் என்று ஆசை. நமக்கெல்லாம் அதுதானே! சிவப்பும் மஞ்சளுமாக அரக்குப் பூசிய குடம், ஆட்டுக்கல், திருகை, சின்னச் சின்ன உலக்கை. கோயில் வாசலில் ஒரு பெட்டி எடுத்துப் பார்த்தேன். கைவினைப் பொருளாகப் பதிந்து செய்பவர்களுக்கு முத்திரை விஷயத்தில் விலக்கு உண்டு. ஆகவே நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். பார்த்தேன். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கொடுக்கும் சாமான் 31.7 மில்லிமீட்டர் வாயுள்ள ஒரு குழாய்க்குள் முழுசாக அடங்கக் கூடாது என்பது கணக்கு. பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர். நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த உலக்கையும் கரண்டியும் குடத்தின் மூடியும் அடங்கியே போகும். மனசில்லாமல் வைத்துவிட்டேன். கவினுக்கு நாலு வயதாகட்டும், அந்தப் பெட்டியை நானே வாங்கிக் கொடுப்பேன். "ஆம்பிளைப் பிள்ளைக்குச் சொப்பா?" என்று மதினி கேட்டால், அண்ணன் ஹோட்டல் வைத்துத்தானே உங்களைக் காப்பாற்றினார் என்று சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன். ஆனால் சொல்ல வேண்டும்.

இனிமேல் எழுதுவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி.

போன வாரம் கவினைப் பகல் முழுக்க என்னிடம் விட்டுவிட்டு அழைப்பு வைக்கப் போனார்கள். போனையும் கொடுத்துவிட்டுப் போனார்கள், அழுதால் காட்டுங்கள் என்று. நான் அதை அணைத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன். முதலில் அழுதான். பிறகு அடுக்களைக்குள் வந்து கீழ்த்தட்டில் இருந்த சின்னத் தூக்குச்சட்டியைக் கண்டுபிடித்தான். மூடியை எடுத்தான், மூடினான். மறுபடியும் எடுத்தான். நாலு பூண்டை உள்ளே போட்டு ஆட்டி, சத்தத்தைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய் வந்தான், பால்காரர் மாதிரியே ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு. அத்தனை நேரம் விளையாடியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா என்கிறான், தா என்கிறான். அவ்வளவுதான். இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்வதே இல்லை. "பால் தா" என்றோ "தாத்தா வா" என்றோ இந்த வயதில் சொல்ல வேண்டாமா? பின்னாலிருந்து கூப்பிட்டால் சில சமயம் திரும்புகிறான், சில சமயம் திரும்புவதில்லை. மதினி, "எங்கள் வீட்டு ஆண் பிள்ளைகள் மூன்று வயதில்தான் பேசினார்கள்" என்கிறார்கள். பிள்ளையின் அம்மா வாயே திறக்கவில்லை, முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இந்த அழகில் குடும்பமாகச் சேர்ந்து பிள்ளைக்கு டேப்லெட் வாங்கித் தரப்போகிறார்களாம், படிப்பதற்கு! இரண்டு வயதில் திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. இங்கே சாப்பாட்டு நேரம் மட்டுமே அதைத் தாண்டிவிடும்.

நான் டாக்டர் இல்லை. தாமதமாகப் பேசிய பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் காதைச் சோதித்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கவென்றே தனி மையம் இருக்கிறது, பணம் வாங்குவதில்லை என்று நீதானே உங்கள் தெரு ராணியின் பேத்திக்காக அலைந்தபோது சொன்னாய். அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? மோதிரம் போடாதவள் வந்து பிள்ளைக்குக் குறை சொல்கிறாள் என்று ஆகிவிடாதா? இதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது. மதினிக்குத் தெரியாமல் பிள்ளையின் அம்மாவிடம் தனியாகச் சொல்லலாமா, விழா முடியட்டும் என்று காத்திருக்கலாமா? நீ எத்தனை அம்மாக்களிடம் இதைச் சொல்லியிருப்பாய். முதல் வாக்கியம் என்ன சொல்வாய், அதை மட்டும் எழுது.

பரிசைச் சொல்லாமல் விட்டேனே. ரத வீதிப் பாத்திரக் கடையில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி, அரை லிட்டர், 240 ரூபாய். விளிம்பு மடித்துச் சுருட்டியதா என்று விரலை ஓட்டிப் பார்த்தேன். கைப்பிடி மடங்கும் இடத்தில் பிள்ளை விரல் நசுங்குமா என்று என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பெயர் வெட்ட உட்கார்ந்தவர், "கொடுப்பவர் பெயரா, பிள்ளை பெயரா?" என்று கேட்டார். கொடுப்பவர் பெயர்தான் வழக்கமாம், யார் செய்தது என்று பிற்பாடு தெரிய வேண்டுமே. "கவின்" மட்டும் போதும் என்றேன். மெஷின் ஒரு கொசு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டே எழுதியது. 'வி'யின் கொக்கி கொஞ்சம் நீண்டுவிட்டது, பரவாயில்லை. உன் பெயர் போட்ட ஹாஸ்டல் டம்ளர் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, கேட்காதே, தர மாட்டேன்.

மதினி என்ன சொல்வார்கள் என்பதை இவர் இப்போதே நடித்துக் காட்டிவிட்டார், குரல் உட்பட. கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமைக்குள் உன் பதில் வர வேண்டும். தபால் தாமதமாகும் என்று தோன்றினால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு. அதற்கு முன்னால் மதினியின் போன் ஓயாது, பந்திக்கு லட்டா ஜாங்கிரியா என்று இன்னும் முடிவாகவில்லை.

அன்புடன்,
பிரேமா