ஹேநாமில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். அம்மா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். காலில் மாவுக்கட்டு, கையில் டிவி ரிமோட், குரலில் பழைய அதட்டல். தென்கொரியாவின் ஹேநாமில், தல்மாசன் மலையில் அம்மா விழுந்து காலை உடைத்துக்கொண்டது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் 119 அவசர மீட்புக் குழுவினர். அந்த மலையைச் சுற்றிப் போகும் தல்மாகோதோ நடைபாதை 17.74 கிலோமீட்டர். 2017இல் திறந்தது, பெரிய இயந்திரம் எதையும் ஏற்றாமல் கைவேலையாகவே போட்ட பாதை. வண்டி வராத அந்தப் பாதையில், கற்சரிவைத் தாண்டி ஸ்ட்ரெச்சரை ஆட்டாமல் அசைக்காமல் இறக்கினார்கள். அப்புறம், 1330 சுற்றுலா உதவி எண்ணில் டாக்டர் சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்ன பெண். சேதி கேட்டதும் குவாங்ஜுவிலிருந்து பஸ் பிடித்து ஓடிவந்த நம்ம ஊர் மாணவர். பணம் அனுப்பிவிட்டு, "திருப்பித் தருவதைப் பற்றி இப்போது வாயைத் திறக்காதே" என்று திட்டிய நீங்கள். உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் மனசை விட்டுப் போகாதவர் வேறு ஒருவர். மிஹ்வாங்சா என்ற பௌத்தக் கோயிலின் சமையற்கட்டில் வேலை பார்க்கும் வயதான பெண்மணி. கோயில் பெண்களை எல்லோரும் 'பொசல்நிம்' என்று கூப்பிடுவதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

மலையேறுவதற்கு முந்தின இரவு அங்கேதான் தங்கினோம். கடலைப் பார்த்தபடி மலையடியில் இருக்கும் கோயில். 749இல் புத்தர் திருவுருவங்களும் சூத்திரங்களும் ஏற்றிய கல்தோணி ஒன்று பக்கத்துக் கரையில் ஒதுங்கியது என்பது தலபுராணம். அதனால்தானோ என்னவோ, பிக்குகளின் நினைவுத் தூபிகளில் நண்டும் ஆமையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அம்மா அவ்வளவு தூரம் வந்தது போதிதர்மருக்காக. மலைக்கே அவர் பெயர்தான், கொரிய மொழியில் 'தல்மா' என்றால் அவர். அவர் காஞ்சிபுரத்துக்காரர் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது.

அன்று இரவுச் சாப்பாட்டில், ஒவ்வொரு பாத்திரத்தையும் காட்டி, மீன் நீந்துவதுபோல் கையை நெளித்து, "இது இல்லையே?" என்று கேட்டார் அம்மா. பொசல்நிம் விழுந்து விழுந்து சிரித்தார். இருவருக்கும் பழக்கம் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் வந்த சூப்பில் நெத்திலி வாசனை. அம்மா வெறும் சோற்றைத் தண்ணீர் விட்டு விழுங்கினார். மறுநாள் மத்தியானம் பார்த்தால், வார்டு வாசலில் பொசல்நிம். கோயிலிலிருந்து டவுனுக்கு எப்போதாவதுதான் பஸ். துணியில் முடிந்து ஓர் அடுக்கு டப்பா கொண்டுவந்திருந்தார். சோறு, பூசணிப் பொரியல், எண்ணெயில் பொரித்த கடற்பாசி, அவித்த சர்க்கரைவள்ளி. ஹேநாம் சர்க்கரைவள்ளிக்குப் பேர்போன ஊர். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தோலோடு சாப்பிட்டார்.

அதோடு போயிருந்தால்கூடப் பெரிய விஷயம்தான். அவரோ நர்ஸிடம் தாளும் மார்க்கரும் வாங்கி, கொட்டை எழுத்தில் ஏதோ எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். நாலு மூலைக்கும் டேப், நடுவில் உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. ஃபோனைக் காட்டிப் படித்தேன். இந்தப் பாட்டி கறி, மீன், முட்டை சாப்பிட மாட்டார், நெத்திலி போட்ட சூப்பும் கூடாது என்று இருந்தது. அன்று இரவிலிருந்து தட்டு மாறிவிட்டது.

டாக்டர்களுக்கு எலும்புக் கவலை, எனக்கு இன்சூரன்ஸ் கவலை. பசியைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மலையில் யாரோ விழுந்தார்கள் என்று கேட்டதுமே, அங்கே இவர் என்னத்தைச் சாப்பிடுவார் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த யோசனை எனக்கு வந்திருக்குமா என்றால், வந்திருக்காது.

கால் சரியானதும் திரும்பப் போகிறோம். பாறைகளுக்கு நடுவே ஒண்டியிருக்கும் தோசொராம் குடிலை இன்னும் பார்க்கவில்லை. பொசல்நிம்முக்குத் தன் கையால் புளியோதரை செய்து போடுவதாக அம்மா வேண்டுதல் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார். சிக்கல் என்னவென்றால், கொரியக் கோயில் சமையலில் விலக்கிய ஐந்தில் பூண்டு, வெங்காய வகைகளோடு நம் பெருங்காயமும் உண்டு. பெருங்காயம் இல்லாமல் புளியோதரையா என்று புலம்பிவிட்டு, நேற்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். பரவாயில்லை, தேறுகிறது. வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லியிருக்கிறேன்.