டா நாங் வரைக்கும் போறவங்க மீ சோனை விட்டுட்டு வராதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஸ்கூல் லீவு விட்டா போதும், நம்ம சிங்கப்பூர் தமிழ்க் குடும்பங்கள் நெறைய பேரு இப்ப வியட்நாம்தான் கெளம்புறாங்க. பிளைட்ல ரெண்டு மூணு மணி நேரம், சிங்கப்பூர் பாஸ்போர்ட்னா 30 நாளைக்கு விசாவே வேணாம், செலவும் கையக் கடிக்காது, அதனால போறதுல தப்பே இல்ல. ஆனா போயிட்டு வந்தவங்க போடுற போட்டோவ பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, பா நா மலையில ரெண்டு பெரிய கை தாங்குற தங்கப் பாலம், ஹோய் ஆன்ல கலர் விளக்கு, ஹாலோங்ல கப்பல், கூ சீ சுரங்கம், அவ்ளோதான். அதெல்லாம் பாக்க வேணாம்னு சொல்லல, நாங்களும் பாத்தோம், நல்லாத்தான் இருக்கு. ஆனா டா நாங் வரைக்கும் போய் இறங்கிட்டு அங்க பக்கத்துலயே இருக்குற மீ சோன் சிவன் கோயில்களையும் சாம் சிற்ப மியூசியத்தையும் எட்டிக்கூட பாக்காம திரும்புறாங்களே, அதுதான் எனக்கு மனசு ஆறல.

இதுல மக்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது. நாங்க போன பேக்கேஜ்ல மீ சோன் பேரே இல்ல, கேட்டதுக்கு "அங்க ஒண்ணும் இல்லக்கா, உடஞ்ச செங்கல்தான், வெயில் வேற" அப்படின்னு சொல்லிட்டாங்க, சொல்லிட்டு அதே நாளு ஒரு மார்பிள் கடைல எங்கள கொண்டு போய் உக்கார வெச்சாங்க, யாருக்கும் ஒண்ணும் வாங்குற எண்ணமே இல்ல. மறுநாள் நாங்க குரூப்ப விட்டுட்டு தனியா கார் பேசி போனோம். டா நாங்ல இருந்து சுமாரா 70 கிலோமீட்டர், ஹோய் ஆன்ல இருந்து போனா இன்னும் கிட்ட. பழைய கைடு புத்தகத்துல குவாங் நாம் மாகாணம்னு இருக்கும், 2025 ஜூலைல அத டா நாங்கோட சேத்துட்டாங்க, தேடும்போது குழம்பாதீங்க.

அந்த உடஞ்ச செங்கல் என்னன்னு கொஞ்சம் சொல்றேன். சாம்பாங்குறது அந்தக் காலத்துல நடு வியட்நாம்ல இருந்த சாம் மக்களோட ராஜ்யம், அந்த அரசர்கள் கிட்டத்தட்ட ஆயிரம் வருசமா அந்த பள்ளத்தாக்குல கோயில் கட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. 4ஆம் நூற்றாண்டு கடைசில பத்ரவர்மன்னு ஒரு ராஜா பத்ரேஸ்வரர்னு லிங்கம் வெச்சு ஆரம்பிச்சது, அது தீயில போச்சு, பின்னாடி வந்தவங்க செங்கல்ல கட்டினாங்க, ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர்னு 13ஆம் நூற்றாண்டு வரைக்கும் கட்டியிருக்காங்க, மொத்தம் எழுபதுக்கு மேல. சுத்தி மலை, நடுவுல ஓடை. செவுத்துக்கிட்ட போய் நின்னு பாருங்க, செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவுல நகம் கூட போகாது, சாந்து பூசின தடமே கண்ணுக்கு தெரியல, கட்டி முடிச்ச செவுத்து மேலயே நேரா உளி வெச்சு ஆள் உருவம், கொடி, பூ எல்லாம் செதுக்கியிருக்காங்க. எப்படி ஒட்டினாங்கன்னு இன்னைக்கும் ஆராய்ச்சி நடக்குது. இதுல கொடுமை என்னன்னா பழைய செங்கல் நல்ல செவப்பா சுத்தமா நிக்குது, நம்ம காலத்துல பழுது பாக்க வெச்ச செங்கல்தான் சில இடத்துல உப்பு பூத்து பாசி புடிச்சு நிக்குது.

உடஞ்சது தானா உடையல. 1969 ஆகஸ்ட்ல அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதுல அங்க இருந்ததுலயே பெருசா அழகா இருந்த, ஏ1னு நம்பர் குடுத்திருக்குற கோயிலு தரமட்டமாயிடுச்சு. குண்டு விழுந்த பள்ளம் கோயில் பக்கத்துலயே இருக்கு, புல் மொளச்சு கெடக்கு, நம்ம பசங்களுக்கு அதக் காட்டி வெளக்குங்க. போருக்கு அப்புறம் கசிமிர் க்வியாட்கோவ்ஸ்கினு ஒரு போலந்து கட்டடக் கலைஞர் அங்கயே வந்து தங்கி இந்த கோயில்களக் காப்பாத்த பாடுபட்டாரு, 1997ல வியட்நாம்லயே இறந்துட்டாரு, ஹோய் ஆன்ல அவருக்கு சிலை இருக்கு. 1999ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. அப்புறம் இந்தியத் தொல்லியல் துறை 2017ல இருந்து சில வருசம் அங்க சீரமைப்பு வேலை செஞ்சப்ப 2020ல ஒரே கல்லுல செஞ்ச 9ஆம் நூற்றாண்டு சிவலிங்கம் மண்ணுக்குள்ள இருந்து முழுசா கெடச்சுது. எங்க அத்தை அந்த ஆவுடையார் முன்னாடி ரொம்ப நேரம் பேசாம நின்னாங்க, கோமுகி எந்தப் பக்கம் பாத்து இருக்குனு மட்டும் கேட்டாங்க. இது நம்ம ஊர் கோயிலேதான்னு என் பையனுக்கு அவங்களே சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க, அங்கதான் நான் ஒரு விசயம் அழுத்தி சொல்ல வேண்டியிருக்கு.

வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது, வியட்நாம்ல சோழன் கட்டின கோயிலு, தமிழன் ஆண்ட பூமினு. தயவு செஞ்சு அத பசங்களுக்கு ஃபார்வர்டு பண்ணாதீங்க. மீ சோனைக் கட்டினது சாம் மக்கள், அவங்க பேசுறது மலாய் மொழிக்கு சொந்தமான குடும்பத்து மொழி, கல்வெட்டு எல்லாம் சமஸ்கிருதத்துலயும் பழைய சாம் மொழியிலயும் இருக்கு. தொடர்பு இருந்துச்சு, அது நிச்சயம், அவங்க எழுத்தே தென்னிந்தியாவுல இருந்து கடல் தாண்டிப் போன எழுத்துல இருந்து வந்ததுதான். ந்யா சாங் பக்கத்துல கெடச்ச வோ கான் கல்வெட்டுல வர்ற ஸ்ரீமாறன்ங்குற பேர வெச்சு அது பாண்டியர் பேரா இருக்கலாம்னு சில அறிஞர்கள் சொன்னாங்க, மத்தவங்க ஏத்துக்கல, அந்த வாதம் முடியல. அத வாதமாவே சொல்லிக் குடுப்போமே. ஒரு சின்ன இனம் ஆயிரம் வருசம் கஷ்டப்பட்டு கட்டினத நாம எழுதி வாங்கிக்கிட்டா அது அவங்களுக்கு செய்ற துரோகம், இத நான் ரொம்ப வருத்தத்தோட சொல்றேன்.

ஏன்னா அந்த மக்கள் மறஞ்சு போயிடல. ஒன்றரை லட்சத்துக்கு மேல சாம் மக்கள் இன்னைக்கும் வியட்நாம்ல இருக்காங்க, அதுல முஸ்லிம்களும் உண்டு, பழைய சிவ வழிபாட்ட தங்களோட மொறைல காப்பாத்துறவங்களும் உண்டு. ஃபான் ராங் ஊருல போ க்லோங் கராய் கோயில்ல செப்டம்பர் அக்டோபர் வாக்குல காதே திருவிழா நடக்கும், மலைவாழ் ராக்லாய் மக்கள் சாமியோட துணிமணிய பத்திரமா வெச்சிருந்து ஊர்வலமா கொண்டு வருவாங்க, சாமிய குளிப்பாட்டி அந்த உடுப்ப உடுத்துவாங்க. அபிஷேகம் அலங்காரம் பாத்து வளந்த நம்மாளுங்களுக்கு யாரும் வெளக்கவே வேணாம். ந்யா சாங் போறவங்க போ நகர் கோயிலுக்குப் போங்க, சாம் மக்களோட அம்மன் அவங்க, வியட்நாம்காரங்களும் அதே அம்மனுக்கு வேற பேரு வெச்சு சந்தனக் குச்சி கொளுத்தி கும்பிடுறாங்க.

மீ சோன் போறதுக்கு முந்தின நாளே டா நாங்ல சாம் மியூசியத்தப் பாத்துடுங்க, டிராகன் பாலத்துக்கு கிட்டக்கவே இருக்கு, பிரெஞ்சுக்காரங்க காலத்துல 1919ல தொறந்தது. மீ சோன்ல இருந்த நல்ல சிலையெல்லாம் அங்கதான் இருக்கு, அத பாக்காம போனா வெறும் செவுருதான் தெரியும். நின்ன கோலத்துல ஒரு பிள்ளையார் இருக்காரு, கை சிலது உடஞ்சிருக்கு, ஆனாலும் தும்பிக்கை கிண்ணத்துல இருக்குற பலகாரத்துல, அப்படி ஒரு லட்சணம். திரா கியூங்குற ஊருல கெடச்ச பீடத்துல ஆடுற பொண்ணுங்கள பாத்துட்டு பரதம் படிக்கிற என் பொண்ணு அந்த இடத்த விட்டு நகரவே இல்ல.

சைகோன் பக்கம் போறவங்களுக்கு நம்ம கதையும் இருக்கு. இங்க டேங்க் ரோட்டுல கோயில் கட்டின நகரத்தார் அங்கயும் வட்டித் தொழில் பண்ணி தெண்டாயுதபாணி கோயில் கட்டினாங்க, பாண்டிச்சேரி காரைக்கால்ல இருந்தும் தமிழர்கள் பிரெஞ்சு அரசாங்க வேலைக்கு போயிருந்தாங்க, 1975க்கு அப்புறம் பெரும்பாலானவங்க கெளம்பிட்டாங்க. பென் தான் மார்க்கெட்டுக்கு பக்கத்துல துருவோங் தின் தெருவுல மாரியம்மன் கோயிலு இன்னைக்கும் சாயங்காலம் கூட்டமா இருக்கு, வர்றது முக்காவாசி வியட்நாம்காரங்க, சந்நிதிக்குப் பின்னாடி இருக்குற கருங்கல் செவுத்துல நெத்தியையும் கையையும் வெச்சுக்கிட்டு வேண்டுதல அம்மனுக்கு கேக்குற மாதிரி மெதுவா சொல்றாங்க. தமிழர்கள் போனப்புறமும் அந்த அம்மன அவங்க விடல, அதுக்கு நாம அவங்களுக்கு நன்றி சொல்லணும்.

போறவங்களுக்கு இன்னும் கொஞ்சம். மீ சோனுக்கு விடியகாலைலயே போயிடுங்க, பத்து மணிக்கு மேல வெயில் தாங்காது, வயசானவங்களுக்கு உள்ள பேட்டரி வண்டி இருக்கு. லிங்கத்த பாத்த ஒடனே விபூதி குங்குமம் பூசுறது, சூடம் ஏத்துறது வேணாம், கல்லு கெட்டுடும். சைவம் சாப்பிடுறவங்க சாய் (Chay, அவங்க மொழில சைவம்) அப்படின்னு போர்டு போட்ட கடையா பாருங்க, மத்த எடத்துல காய்கறிலயே மீன் சாறு ஊத்திடுவாங்க. இந்திய பாஸ்போர்ட்ல வர்ற அப்பா அம்மாவுக்கு ஈ-விசா முன்கூட்டியே எடுக்கணும்.

நம்ம தமிழ் டூர் நடத்துறவங்ககிட்ட என் வேண்டுகோள், கடைக்கு கூட்டிட்டு போற நேரத்துல பாதிய எடுத்து மீ சோனுக்கும் மியூசியத்துக்கும் குடுங்க, முடிஞ்சா சாம் கைடையே பேசி வெய்ங்க. ஆசிரியர் அவர்களும் நவம்பர் லீவுக்கு முன்னாடி நம்ம பத்திரிகைல சாம்பா பத்தி படத்தோட ஒரு பக்கம் போட்டா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே படிச்சிட்டு கெளம்புவாங்க.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன்